டீ ஜன்னல் வழியாக ஒரு பேச்சுவார்த்தை

பேச்சுவார்த்தைக்குப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்த இடத்திலிருந்து வெளியே போகும் கதவு எது என்பதைத்தான். இதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரமாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

மாநகராட்சியில் ஊர்ச் சொத்துகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், அதே பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என்னை ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். "உங்க சாதனைகளைப் பத்தி எழுதுங்க சார்" என்று போனில் சொன்னது உங்களில் யார் என்று தெரியவில்லை. அவர் நல்லா இருக்கணும். சாதனை என்ன செய்தேன் என்று பல நாள் யோசித்தும் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில், எடமலைப்பட்டி புதூரில் எங்கள் வீட்டு வாசலுக்கு வரும் காய்கறி வண்டிக்காரரிடம் கத்திரிக்காய்க்குப் பேரம் பேசி, வழக்கம்போலத் தோற்று, கூடவே ஒரு பூசணிக்கீற்றையும் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தபோதுதான் புரிந்தது. எனக்குத் தெரிந்த விஷயம் தோற்பதுதான். அதைப் பற்றி எழுதினால் நேர்மையாக இருக்கும்.

ஸ்ரீரங்கத்தில் காவிரிப் பக்கமாக முனிசிபல் மண்டபம் என்று ஒன்று இருந்தது. அழகான கட்டடம் என்று பொய் சொல்லமாட்டேன். நீளமான ஒரு கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். ஆனால் தனியார் மண்டபத்தின் வாடகையைக் கேட்டாலே தலை சுற்றுகிற குடும்பங்களுக்கு அதுதான் போக்கிடம். லால்குடி, ஜீயபுரம் பக்கத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்து கல்யாணம் நடத்திவிட்டுப் போவார்கள். பூ கட்டுகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், பள்ளிக்கூட ஆயா என்று எல்லார் வீட்டு விசேஷமும் அங்கேதான்.

ஓர் ஐப்பசி மழையில், பந்தி நடந்துகொண்டிருக்கும்போது கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுந்தது. ஆள் மேல் விழவில்லை, ரெங்கநாதர் புண்ணியம். நேராகச் சாம்பார் வாளியில் விழுந்தது. பெண்ணின் அப்பா அந்த வாளியை அப்படியே தூக்கிக்கொண்டு நம் ஆபீஸுக்கு வந்துவிட்டார். வேட்டியெல்லாம் சந்தனம். கண்ணெல்லாம் சிவப்பு. வாளியை என் மேஜைமேல் வைத்துவிட்டு, "சாப்பிட்டுப் பாருங்க சார்" என்றார்.

என்ஜினியர்கள் வந்து பார்த்து, இனி இங்கே ஆளை உட்கார வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இடித்துக் கட்ட ஆபீஸில் பணம் இல்லை. மண்டபத்தைப் பூட்டினால் அத்தனை குடும்பமும் எங்கே போகும்? அதனால் தனியாரைக் கூப்பிடுவது என்று முடிவானது. இடம் ஊருக்கே சொந்தம். நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுப்போம். வருகிறவர் கோயிலுக்கு வரும் யாத்ரீகர்களுக்கு ஒரு தங்கும் விடுதி கட்டிச் சம்பாதித்துக்கொள்ளலாம். பதிலுக்கு, பழைய வாடகையிலேயே ஜனங்கள் எடுத்துக்கொள்ளும்படி ஒரு மண்டபம் கட்டித் தரவேண்டும். டெண்டர் விட்டோம். ஒரே ஒருவர்தான் வந்தார். ஒரே ஒரு மாப்பிள்ளை பார்க்க வந்திருக்கும் பெண் வீட்டில் எவ்வளவு கெத்தாகப் பேச முடியுமோ, அவ்வளவு கெத்தாகத்தான் நாங்கள் பேச முடியும்.

வந்தவர் பெயர் ராஜேந்திரன். துவாக்குடியில் சிமெண்ட் கடையில் ஆரம்பித்து, அங்கே படிக்க வரும் பிள்ளைகளுக்கு லாட்ஜ் லாட்ஜாகக் கட்டி மேலே வந்தவர். பெரிய ஹோட்டல் கம்பெனி ஒன்றோடு சேர்ந்து ஸ்ரீரங்கத்தில் காலூன்ற ஆசைப்பட்டார். அவருடைய மேனேஜர் ஜெசிந்தா. பாலக்கரைப் பக்கத்துக்காரர், முன்பு ஒரு கல்லூரியில் கணக்கு டீச்சராக இருந்தவர். நாம் ஏதாவது சொன்னால், விடைத்தாளில் தப்பு எங்கே இருக்கிறது என்று தேடுகிற மாதிரியே நம் முகத்தைப் பார்ப்பார். பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார்.

நம் பக்கம் பேச என்னை அனுப்பினார் கமிஷனர். ஏன் என்னை? அப்போதுதான் நான் சென்னையில் பேச்சுவார்த்தைப் பயிற்சி ஒன்றுக்குப் போய்விட்டு வந்திருந்தேன். அங்கே கோட்டு போட்ட ஒருவர், "மௌனம்தான் பெரிய ஆயுதம். நீங்கள் பேசாமல் இருந்தால் எதிரில் இருப்பவர் தானாக இறங்கி வருவார்" என்று சொல்லித் தந்தார். ஊருக்கு வந்ததும் வீட்டில் பரீட்சித்துப் பார்த்தேன். என் மனைவி "அப்பாடா" என்று டி.வி. பார்க்கப் போய்விட்டாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இழுபறி ஒரே ஒரு விஷயத்தில்தான். சாலையைப் பார்த்த முகப்பு விடுதிக்கு என்று நாங்களே முதலில் ஒப்புக்கொண்டுவிட்டோம். மண்டபம் எந்தத் தளத்தில் என்பதுதான் பிரச்சினை. இரண்டாவது மாடியில் கட்டி லிஃப்ட் போட்டுத் தருகிறேன் என்றார் ராஜேந்திரன். கீழ்த்தளம் முழுக்க அவருக்கு வரவேற்பு அறையும் சாப்பாட்டுக் கூடமுமாக வேண்டும். எனக்குக் கீழ்த்தளம் வேண்டும். நடக்க முடியாத பாட்டனும் பாட்டியும் பேத்தி கல்யாணத்துக்கு எப்படி மாடி ஏறுவார்கள்? கரண்ட் போனால் லிஃப்ட் எங்கே நிற்கும்? அண்டாவும் குண்டானும் எப்படி மேலே போகும்? இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். நான்தான் மௌனத்தில் இருந்தேனே! ஒவ்வொரு கூட்டத்திலும், "கீழ்த்தளம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பேன். டீ வரும். குடிப்பேன்.

நம் ஆபீஸில்தான் இந்தக் கூட்டங்கள் நடக்கும். ஒரு நாள் நம் கூட்ட அறையில் ஏதோ வேலை நடந்துகொண்டிருந்ததால், புத்தூரில் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு எதிரில், மாடியில் இருந்த அவர்கள் ஆபீஸுக்குப் போனோம். என்னோடு உதவிப் பொறியாளர் ஆயிஷா வந்திருந்தார். சர்வீஸில் சேர்ந்து அதிக நாள் ஆகாதவர். வாய் திறந்தால் உருப்படியாகப் பேசுவார். நான்தான் அவரிடமும் மௌனமாக இருக்கச் சொல்லியிருந்தேன்.

அன்றைக்கு ராஜேந்திரனுக்குப் பொறுமை போய்விட்டது. "சார், லிஃப்ட் போட்டுத் தரேன்னு எத்தனை தடவை சொல்றது? நீங்க பஸ்ல வந்தவரா, மாட்டு வண்டில வந்தவரா?" என்றார்.

நான் எழுந்தேன். காலையில் சவரம் பண்ணும்போதே தயார் செய்து வைத்திருந்த வசனம் ஒன்று இருந்தது. "ஊர் ஜனங்களை மாடி ஏத்தறதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். பேச்சு முடிஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டு விறுவிறு என்று வெளியே நடந்தேன். கோபித்துக்கொண்டு வெளிநடப்பு செய்வது பயிற்சியில் சொல்லித் தந்த இரண்டாவது ஆயுதம். மேஜைமேல் என் போனை விட்டுவிட்டேன் என்பது நடைவழிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. திரும்பிப் போனால் வெளிநடப்புக்கு என்ன மரியாதை? ஆயிஷா எடுத்துக்கொண்டு பின்னால் வருவார் என்று நினைத்தேன்.

அந்த நடைவழியில் சுவர் முழுக்கப் பளபள என்று மரப்பலகை அடித்திருந்தார்கள். சுவர் எது, கதவு எது என்று தெரியாது. மாடிப்படிக் கதவு என்று நினைத்து ஒன்றை வேகமாகத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். கதவு எனக்குப் பின்னால் தானாகவே சாத்திக்கொண்டது.

அது டீ போடும் அறை.

ஒரு காஸ் அடுப்பு, பால் பாத்திரம், பிஸ்கட் டப்பா, இஞ்சி வாசனை. டீ போடுகிறவர் பால் வாங்கக் கீழே போயிருந்தார். சரி, திரும்பிப் போகலாம் என்று பார்த்தால், கதவின் உட்பக்கம் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டைதான் இருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். விரல் சிக்கிக்கொண்டது. எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கையில் போன் இல்லை. ஆயிஷா என் போனை எடுத்துக்கொண்டு, நான் கீழே ஜீப்பில் இருப்பேன் என்று நினைத்து இறங்கிப் போய்விட்டிருந்தார். கீழே ஆளைக் காணோம் என்றதும், சார் கோபம் ஆற ஒரு நடை போயிருப்பார் என்று முடிவு கட்டி, ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தாராம். பிறகு சொன்னார்.

அந்த அறைக்கும் கூட்ட அறைக்கும் நடுவில் டீ நீட்டுவதற்காக ஒரு சின்ன ஜன்னல். பலகையை நகர்த்திச் சாத்தியிருந்தது. பலகை மெல்லிசு. அந்தப் பக்கம் பேசுவது ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டது.

"போயிட்டாரா?" என்றார் ராஜேந்திரன்.

"போயிட்டார் சார்."

"ஏம்மா, அவர் வாயே திறக்காம உக்காந்திருக்காரே, அது என்ன, யோகாவா?"

"ஏதாவது ட்ரெயினிங்ல சொல்லிக் குடுத்திருப்பாங்க சார்" என்றார் ஜெசிந்தா.

"நான் நெஞ்சுவலியோன்னு பயந்துட்டேன். போன தடவை ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பலாமான்னு யோசிச்சேன்."

என் ஆயுதத்தின் கதி இதுதான். அப்போதே ஜன்னலைத் தட்டியிருக்க வேண்டும். இரண்டு காரணத்தால் தட்டவில்லை. ஒன்று, வெட்கம். இன்னொன்று, நம்மைப் பற்றி மற்றவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று கேட்பதில் ஒரு சுகம் இருக்கிறது. வசையாக இருந்தாலும் நகர மனசு வராது.

ஆனால் அடுத்து அவர்கள் பேசியது என்னைப் பற்றி இல்லை. ராஜேந்திரனின் குரல் இறங்கிவிட்டது. "ஹோட்டல்காரங்க இந்தத் தைக்குள்ள கையெழுத்து ஆகலன்னா கும்பகோணத்துக்குப் போயிடறதா சொல்லிட்டாங்கம்மா. அங்க இடமும் பார்த்துட்டு வந்துட்டாங்க. இது கை நழுவிச்சுன்னா, இனிமே பெரிய வேலைக்கு என்னை எவன் நம்புவான்? மறுபடி துவாக்குடில சிமெண்ட் மூட்டை எண்ண வேண்டியதுதான்."

"அப்ப கீழ்த்தளத்தைக் கொடுத்துடலாம் சார்."

"கொடுத்துடலாம். அவர் கொஞ்சம் அழுத்திக் கேட்டா ரோட்டுப் பக்கத்தையும் சேர்த்தே கொடுத்துடுவேன். வேற வழி?"

பிறகு ஜெசிந்தா, "சாப்பிட்டீங்களா சார்?" என்று கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை.

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். எதிராளியின் கையில் இருக்கும் சீட்டெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் திருடவில்லை. ஒட்டுக்கேட்கப் போகவும் இல்லை. கதவுதான் சாத்திக்கொண்டது. இதைக் கொண்டுபோய்க் கமிஷனரிடம் கொடுத்தால் கீழ்த்தளமும் வரும், சாலையைப் பார்த்த முகப்பும் வரும். ஒரு நிமிஷத்துக்குள் என் மனதில் திறப்பு விழாவே நடந்து முடிந்துவிட்டது. மாலையெல்லாம் போட்டார்கள். பேப்பரில் போட்டோ வந்தது. போட்டோவில் நான் இளமையாக இருந்தேன்.

இன்னொரு பக்கம், சாப்பிட்டீங்களா என்ற கேள்விக்குப் பதில் வராத அந்த அமைதி. இத்தனை மாதமும் ராஜேந்திரனை நான் ஒரு மீசையாகவும் தங்க வாட்சாகவும்தான் பார்த்திருந்தேன்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று சொல்லத் தெரியவில்லை. மனசாட்சி உறுத்தித்தான் ஜன்னலைத் திறந்தேன் என்று எழுத ஆசை. உள்ளே வெக்கை தாங்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதினால்தான் உண்மை. பலகையை நகர்த்தித் தலையை நீட்டினேன்.

"மன்னிக்கணும். கதவு திறக்க மாட்டேங்குது" என்றேன்.

ஜெசிந்தா கையிலிருந்த பேனாவைக் கீழே போட்டார். ராஜேந்திரன் என் தலையைப் பார்த்தார். ஜன்னல் சின்னது. தலை மட்டும்தான் அதில் நுழையும்.

"நீங்க... எவ்வளவு நேரமா உள்ள இருக்கீங்க?"

இதோ இந்தக் கேள்விதான். என் சர்வீஸில் எத்தனையோ கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். சட்டசபைக் கேள்விக்கெல்லாம் பதில் தயார் செய்திருக்கிறேன். அதெல்லாம் இதற்குமுன் ஒன்றும் இல்லை. "இப்பத்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் நம்புவார், நம்ப விரும்புவார். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"யோகாவுல இருந்தே இருக்கேன் சார்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. ஜெசிந்தா எழுந்து சுற்றி வந்து கதவைத் திறந்துவிட்டார். "டீ போடறவர் ஸ்பூன் காம்பை விட்டுத் திறப்பார் சார்" என்றார் மெதுவாக. உள்ளே ஒரு டம்ளர் நிறைய ஸ்பூன் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

ஆபீஸுக்குத் திரும்பி நேராகக் கமிஷனரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைவிட இருபது வயதாவது சின்னவர். அதிகம் சிரிக்காதவர். கேட்டு முடித்துவிட்டு, "கதவு தப்பா போனீங்க. அது விதி. ஆனா கேட்டுட்டேன்னு அவங்ககிட்டயே ஏன் சொன்னீங்க?" என்றார்.

"மனசு கேக்கல மேடம்."

"உங்க மனசு சரி. உங்க சொந்த வீட்டைப் பேசி முடிக்கப் போயிருந்தா அப்படிச் சொல்லலாம். இது ஊர்ச் சொத்து. ரோட்டைப் பார்த்த மண்டபம் கிடைச்சிருக்கும். அதை உங்க மனசுக்காக விட்டுக்கொடுக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தா?"

பாராட்டுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். இன்றைக்கும் அந்தக் கேள்வி சரியான கேள்வி என்றுதான் நினைக்கிறேன். உங்களுக்கும் ஒருநாள் அது வரும். அடுத்தவர் பணத்தில் நல்லவனாக இருப்பது ரொம்பச் சுலபம்.

தட்டுத்தடுமாறிச் சொன்னேன். "மேடம், இது ஒரு நாள் வியாபாரம் இல்ல. நானும் போயிடுவேன், நீங்களும் மாத்தலாகிப் போயிடுவீங்க. அந்த ஆளோடயும் அவர் பிள்ளைங்களோடயும் இந்த ஊர் வருஷக்கணக்கா குடும்பம் நடத்தணும். கழுத்தை நெரிச்சு வாங்கினா, கட்டும்போது செங்கல்லுக்குச் செங்கல் பழி வாங்குவார். அப்ப அங்க போய் நிக்கறது ஆயிஷா மாதிரி பிள்ளைங்கதான்."

அவர் டைரியை எடுத்துப் புரட்டினார். பிறகு, "அடுத்த மீட்டிங் இங்க வைங்க. நானும் வரேன். இந்த ஆபீஸ்ல எந்தக் கதவு எதுன்னு எனக்குத் தெரியும்" என்றார். முகத்தில் சிரிப்பின் ஜாடைகூட இல்லை. நான் கதவுவரை போனதும் மறுபடி கூப்பிட்டார். "ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. நீங்க கேட்டது வேற, உங்க காதுல கேட்டது வேற. ரெண்டாவதை வெச்சு ஒண்ணும் கேக்கக் கூடாது. முதல்ல கேட்டதுலருந்து ஒரு அங்குலம் இறங்கவும் கூடாது."

இதைவிடச் சுருக்கமாக எனக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை.

அடுத்த கூட்டத்துக்கு ராஜேந்திரன் இறுக்கமாக வந்தார். உட்காரக்கூட இல்லை. "மேடம், விஷயம் உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. இனி நீங்க பிழிவீங்க, நான் பிழிபடணும். அதுக்கு முன்னாடி நானே விலகிக்கறேன். கும்பகோணத்துக்காரன் நல்லா இருக்கட்டும்" என்றார்.

அவர் போனால் மண்டபத்துக்குப் பூட்டுதான். வேறு மாப்பிள்ளை கிடையாது. கமிஷனர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். இந்தத் தடவை வசனம் எதுவும் தயாராக இல்லை.

"சார், கீழ்த்தளம் வேணும். போன தடவை என்ன கேட்டேனோ அதேதான். ரோட்டுப் பக்கம் உங்களுக்குன்னு அப்பவே சொல்லியாச்சு, அதுல மாத்தமில்ல."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் நம்பவில்லை. இதில் எங்கே கண்ணி இருக்கிறது என்று ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா என்னைப் பார்த்தார். அதே விடைத்தாள் பார்வை. பிறகு என்னிடமே நேராகக் கேட்டார். "சார், ஏன் கீழ்த்தளம்? இதுவரைக்கும் ஒரு தடவைகூட நீங்க காரணம் சொல்லல."

வெட்கமாக இருந்தது. சொன்னேன். காரை விழுந்த கல்யாணத்தைச் சொன்னேன். வாளியைத் தூக்கிக்கொண்டு வந்த அப்பாவைச் சொன்னேன். மாடி ஏற முடியாதவர்களைச் சொன்னேன். இவ்வளவையும் மாதக்கணக்கில் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் ஆயுதம் ஆயுதம் என்று உட்கார்ந்திருந்திருக்கிறான்.

ஆயிஷா வரைபடத்தை மேஜையில் விரித்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. "சார், மண்டபத்தை அப்படியே காவிரிப் பக்கமா திருப்பிடலாம். பக்கத்துச் சந்துல தனி கேட். உங்க ஹோட்டல் ஆளுங்களும் கல்யாணக் கூட்டமும் மோதிக்க மாட்டாங்க. ரிசப்ஷன் ரோட்டுப் பக்கமே இருக்கட்டும். உங்க டைனிங் மட்டும் முதல் மாடிக்குப் போகணும்."

ராஜேந்திரன் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பேச்சே இல்லை. மௌனத்தின் சக்தி என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் அதை இப்போது அவர் செய்துகொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. "வேணும்னா பார்க்கிங்..." என்று எதையோ விட்டுக்கொடுக்க வாயைத் திறந்துவிட்டேன். கமிஷனர் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து என் முன்னால் வைத்து, "தண்ணி குடிங்க" என்றார். குடித்தேன். பாட்டில் காலியாகும்வரை குடித்தேன்.

"முதல் மாடில சாப்பிட்டா ஆறு தெரியும்" என்றார் ராஜேந்திரன், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி. பிறகு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் எல்லாருக்கும் மூச்சு வந்தது.

ஜெசிந்தா பென்சிலால் வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொட்டார். "சமையல்கட்டுக்குத் தனி வழி கேக்கவே இல்லையே நீங்க? அண்டாவை மணமேடை வழியாவா தூக்கிட்டுப் போவாங்க?" நாங்கள் ஒருவரும் அதை யோசிக்கவில்லை. அவரே ஒரு வாசலை வரைந்தார். ராஜேந்திரன் அதைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். தை முடிவதற்குள் நம் பக்கம் நான் கையெழுத்துப் போட்டேன்.

நேர்மையாக இருந்தால் கைமேல் பலன் கிடைக்கும் என்று இதிலிருந்து நீங்கள் முடிவு கட்டிவிடாதீர்கள். வேறு ஒரு கடை வளாகத்துக்கான பேச்சில் இதே மாதிரி உண்மையைச் சொல்லப்போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இங்கேயும் கணக்குத் தீரவில்லை. மண்டபம் சாலைக்குத் தெரியாது. இன்றைக்கும் வெளியூர்க் கூட்டம் சந்துக்கு வழி கேட்டு அலைகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் கமிஷனர் கேட்ட கேள்வி எனக்குள் மறுபடி கேட்கிறது. ஆனால் அஸ்திவாரம் தோண்டும்போது ஆற்றில் தண்ணீர் பெருகி, குழியெல்லாம் ஊற்றெடுத்து வேலை நின்றபோது, ராஜேந்திரன் முதலில் போன் செய்தது வக்கீலுக்கு இல்லை, ஆயிஷாவுக்கு. "வந்து பாருங்கம்மா, என்ன செய்யலாம்னு சொல்லுங்க" என்றார். இரண்டு பக்கமும் சேர்ந்து நின்று சரி செய்தார்கள். எதை வைத்து எதைக் கழிப்பது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் எழுதட்டும்.

நான் ஓய்வு பெற்ற பிறகுதான் கட்டடம் முடிந்தது. திறப்பு விழாவுக்கு அழைப்பு வந்தது. காய்ச்சலில் படுத்துவிட்டேன், போகவில்லை. கொஞ்ச காலம் கழித்து எங்கள் தெருவில் இஸ்திரி போடுகிறவர் தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தார். பார்த்தால் அந்த மண்டபம்.

போனேன். சந்துக்கு எனக்கு யாரும் வழி சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆற்றுக்காற்று நேராக மணமேடைக்கே வந்தது. சக்கர நாற்காலியில் ஒரு கிழவரைத் தள்ளிக்கொண்டு வந்து முதல் வரிசையில் நிறுத்தினார்கள். பின்பக்க வாசல் வழியாக அண்டாக்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. எனக்கு மார்பு கொஞ்சம் விம்மியது உண்மை. இஸ்திரிக்காரர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முதல் பந்தியிலேயே உட்கார வைத்தார். ரசம்வரை ஒரு குறையும் சொல்ல முடியாது. பாயசத்தை இலையிலேயே வாங்கிக் கையால் வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்தேன்.

எழுந்த பிறகுதான் பார்த்தேன். கை கழுவ வரிசை. ஒரு மூலையில் நான்கைந்து குழாய்கள், அவ்வளவுதான். பந்தி முழுவதும் எச்சில் கையை மேலே தூக்கிக்கொண்டு, ஏதோ சத்தியம் செய்கிற மாதிரி, நடைவழி நெடுக நின்றுகொண்டிருந்தது. கீழ்த்தளத்துக்குச் சண்டை போட்டோம், கேட்டுக்குப் போட்டோம், அண்டாவுக்கு வழி விட்டோம். இத்தனை பேர் சாப்பிட்டுவிட்டு எங்கே கை கழுவுவார்கள் என்று அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. கணக்கு டீச்சருக்கும் தோன்றவில்லை.

எனக்கு முன்னால் பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். கையில் பாயசம் காய்ந்துகொண்டிருந்த எரிச்சல். என் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு பெருசா மண்டபம் கட்டி என்னங்க பிரயோஜனம்? கை கழுவ இடம் விடாம, மொத்தமா நம்மளையே கை கழுவி விட்டுட்டாங்களே! நீங்களே சொல்லுங்க, இதுக்குக் கையெழுத்துப் போட்டவன் இங்க ஒரு நாளாவது உக்காந்து சாப்பிட்டிருப்பானா?"

"இப்பத்தாம்மா சாப்பிட்டிருக்கான்" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. வரிசை ஓர் அடி நகர்ந்தது. இருவரும் கையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தோம்.